டிஆர்எஸ் ஒழிந்தது என்று சந்தோசப்படுகிறவர்கள் கொஞ்சம் இங்கே வாருங்கள்

கிண்ணியாப்பாலம் (வெள்ளி, இரவு 8.50)

இன்று பின்னேரம் அநுராதபுரச் சந்தியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நம்முடைய கோட்டைமான் ஒரு பிரசங்கம் வைத்தார். 2011 முதல் 2025 வரை ஃபோர்முலா வன் கார்ப்பந்தயத்தில் நடந்த முந்தல்களில் பாதியைக் கணக்கிலேயே எடுக்கக்கூடாதாம். டிஆர்எஸ் இறக்கையைத் திறந்து முந்தியதெல்லாம் கள்ள ஓட்டமாம். 2026 விதிகளில் அது போய்விட்டதால் இனித்தான் உண்மையான பந்தயமாம். தேத்தண்ணீர்க் காசை அவரே கொடுத்ததால் அங்கே நான் வாய் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னால் போகும் காருக்கு ஒரு செக்கனுக்குள் நீங்கள் பின்னால் வந்தால், குறித்த நேர்ப்பாதையில் உங்கள் பின்னிறக்கையின் மேல் தகட்டைத் திறக்கலாம். காற்றின் இழுவை குறையும், மணிக்கு 10, 12 கிலோமீட்டர் வேகம் கூடும். முன்னால் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. அவ்வளவுதான் டிஆர்எஸ்.

அது வருவதற்கு முந்திய வருடத்தை மறந்துவிட்டீர்களா? 2010 நவம்பர் 14, அபுதாபி, அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். ஃபெராரி ஓட்டுநர் அலொன்சோ, பட்டத்துக்குப் போட்டியிட்ட வெபரை விட 8 புள்ளியும் வெட்டலை விட 15 புள்ளியும் முன்னால் நின்றார். நாலாவதாக வந்தாலே சம்பியன். வெபரைப் பார்த்து அவசரப்பட்டு 15ஆம் சுற்றில் ரயர் மாற்ற உள்ளே வந்தார், வெளியே போனபோது முன்னால் பெட்ரோவின் ரெனோல்ட். பிறகு 40 சுற்று அந்த மஞ்சள் காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனார். ஃபெராரி வேகமான கார், ஆள் இரண்டு தரம் சம்பியன். முந்த வழியில்லை. ஏழாவது. வெட்டல் 4 புள்ளியால் சம்பியன். அன்றிரவு ரிவியை நிறுத்திவிட்டு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவன் நான். அந்த நாட்கள்தான் வேண்டுமா?


கோட்டைமான் (வெள்ளி, இரவு 9.35)

கிண்ணியா நானா, தேத்தண்ணீர்க் காசைத் திருப்பித் தாருங்கள்.

நீங்கள் அபுதாபியைச் சொன்னால் நான் இமோலாவைச் சொல்வேன். 2005. அதே அலொன்சோ முன்னால், பின்னால் ஷூமாக்கர். ஷூமாக்கரின் கார் அன்று வேறு உலகத்தில் ஓடியது. கடைசிப் பத்துச் சுற்றுக்கு மேல் அவர் அலொன்சோவின் பின்னிறக்கையில் மூக்கை வைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் அலொன்சோ எங்கே பிரேக் பிடிப்பார், எந்தப் பக்கம் மூடுவார் என்று பார்த்துப் பார்த்து எனக்கு நகம் மிஞ்சவில்லை. 0.215 செக்கனில் அலொன்சோ வென்றார். அடுத்த வருடம் அதே இமோலாவில் இருவரும் இடம் மாறினார்கள், ஷூமாக்கர் முன்னால் நின்று அலொன்சோவை அடக்கினார். கடன் தீர்ந்தது.

டிஆர்எஸ் இருந்திருந்தால் 2005இல் என்ன நடந்திருக்கும்? ஷூமாக்கர் வந்து சேர்ந்த அடுத்த சுற்றில், நேர்ப்பாதையில் பொத்தானை அமுக்கி, பஸ்ஸைத் தாண்டும் மோட்டார் சைக்கிள் மாதிரிப் போயிருப்பார். நமக்கு ஒரு முந்தல் கிடைத்திருக்கும். இருபது வருடமாகப் பேசும் பந்தயம் கிடைத்திருக்காது.

நீங்கள் எண்ணுவது முந்தியதை. நான் பார்ப்பது முந்த முடியுமா என்ற நேரத்தை. அந்த நேரத்தைத்தான் டிஆர்எஸ் தின்றது.


உப்புவெளிப்பொடியன் (வெள்ளி, இரவு 9.41)

அண்ணை, இருபது வருடத்தில் ஒரு இமோலாவைத்தான் எல்லோரும் சொல்கிறீர்கள். மற்றப் பந்தயங்களின் பேரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.


கோட்டைமான் (வெள்ளி, இரவு 9.52)

தம்பி, 2000, ஸ்பா. நீ பிறக்கவே இல்லை. ஹக்கினன் நடுவில் ஒருமுறை சுழன்று முதலிடத்தை ஷூமாக்கரிடம் விட்டார். திரும்பத் துரத்திப் பிடித்து, கெம்மல் நேர்ப்பாதையில் வலப்பக்கம் போனார். ஷூமாக்கர் மூடிவிட்டார், 300 கிலோமீட்டர் வேகத்தில். அடுத்த சுற்று, 41ஆவது. அதே இடம். முன்னால் ஒரு சுற்றுப் பின்தங்கிய சொன்டாவின் கார் நடுவில். ஷூமாக்கர் இடப்பக்கம் போனார், ஹக்கினன் வலப்பக்கம் புல்லை ஒட்டிப் போனார், சொன்டா பாவம் இரண்டு பக்கமும் ரயர் தெரிய நேராகப் பிடித்துக்கொண்டு இருந்தார். வளைவுக்கு வரும்போது ஹக்கினன் முன்னால்.

அந்த மனிதருக்கு யாரும் இறக்கையைத் திறந்து கொடுக்கவில்லை. முதல் சுற்றில் ஒரு கதவு மூடியது, இரண்டாம் சுற்றில் இல்லாத கதவைக் கண்டுபிடித்தார்.


வெந்நீரூற்று (வெள்ளி, இரவு 10.20)

இரண்டு பேரும் நினைவுகளைக் கொண்டு சண்டை பிடிக்கிறீர்கள். நான் கொஞ்சம் சிவப்புப் பேனா எடுக்கிறேன்.

நானா, அபுதாபியில் அலொன்சோ அகப்பட்டதால்தான் டிஆர்எஸ் வந்தது என்று பல பேர் சொல்வதுண்டு. நீங்களும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அசையும் பின்னிறக்கைக்கு, பந்தய விதிகளைப் போடும் எஃப்ஐஏ அமைப்பு அனுமதி கொடுத்தது அந்த வருடம் ஜூன் மாதம். பெட்ரோவ் நவம்பரில் செய்தது, ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு ஒரு நல்ல விளம்பரம். அதே வருடம் மக்லாரன்காரர் எஃப்-டக்ட் என்று ஒன்று வைத்திருந்தார்கள் என்பதையும் மறக்காதீர்கள். ஓட்டுநர் ஒரு துவாரத்தை மூடினால் காற்று திசைமாறிப் பின்னிறக்கையின் பிடி தளரும், நேர்ப்பாதையில் வேகம் கூடும். மற்ற அணிகளும் தொடர்ந்து செய்தன. சிலர் ஒரு கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுத்து 300இல் ஓட்டினார்கள். அதைத் தடைசெய்துவிட்டு அதன் இடத்தில் வைத்ததுதான் இந்தத் திறக்கும் தகடு.

கோட்டைமான் அண்ணா, "முந்தல்களில் பாதி" என்ற கணக்கு எந்தக் கொப்பியில் இருக்கிறது?

இருவருமே தொடாத விஷயம் காற்று. இந்தக் கார்கள் வளைவில் நிற்பது காற்று அவற்றைத் தரையோடு அழுத்துவதால். முன்னால் ஒரு கார் போனால் அது காற்றைக் கலக்கிவிட்டுப் போகிறது. பின்னால் வருகிறவருக்கு வளைவில் அழுத்தம் குறையும், கார் வழுக்கும், வழுக்கினால் ரயர் சூடேறும், இரண்டு மூன்று சுற்றில் ரயர் செத்துவிடும். நேர்ப்பாதையில் முன்காரின் மறைவு உதவும், உண்மைதான். ஆனால் நேர்ப்பாதைக்கு வருவதற்கு முந்திய வளைவிலேயே ஒரு செக்கன் பின்தங்கிவிட்டால் அந்த மறைவால் என்ன பயன்? இதுதான் நோய். டிஆர்எஸ் நோய்க்கு மருந்தல்ல, காய்ச்சலுக்குப் போடும் ஈரத்துணி. ஈரத்துணியும் தேவைதான், அதை நான் மறுக்கவில்லை.


ஸ்பனர்க்காரன் (வெள்ளி, இரவு 11.05)

கடையைப் பூட்டிவிட்டு இப்போதுதான் வாசிக்கிறேன். வெந்நீரூற்று ரீச்சர் சொன்ன காற்று மறைவை அனுபவிக்க ஃபோர்முலா வன் தேவையில்லை. பள்ளிக்கூட நாளில் தம்பலகாமத்தில் இருந்து சைக்கிளில் வரும்போது எதிர்க்காற்று நெஞ்சில் அடிக்கும். வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று போனால் போதும், அதன் பின்னால் ஒட்டிக்கொள்வோம், பெடல் தானாகச் சுற்றுகிற மாதிரி இருக்கும். ஆனால் அதை முந்தலாம் என்று பக்கத்தில் எடுத்தீர்களோ, பக்கக்காற்று சைக்கிளையே பிடுங்கும். வைக்கோல் கண்ணில் விழுவது வேறு.

டிஆர்எஸ் பற்றி ஒரு மெக்கானிக் பார்வை. 2019இல் இருந்து அந்தத் தகடு திறக்கக்கூடிய இடைவெளி ஆகக்கூடியது 85 மில்லிமீட்டர். உங்கள் கையை விரித்துப் பாருங்கள், பெருவிரலை விட்டுவிட்டு உள்ளங்கை அகலம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த உள்ளங்கை இடைவெளிக்காகத்தான் பதினைந்து வருடம் சண்டை. 2021இல் பிரேசிலில் ஹமில்டனின் இறக்கை அந்த அளவை 0.2 மில்லிமீட்டர் தாண்டியது என்று தகுதிச் சுற்றில் இருந்தே நீக்கினார்கள். சிறு இடைவெளிகளை அளக்கிற ஃபீலர் கேஜில் நான் எடுக்கும் மெல்லிய தகடு அந்த அளவு. வெர்ஸ்டாப்பன் அந்த இறக்கையைக் கையால் தொட்டுப் பார்த்ததற்கு 50,000 யூரோ தண்டம். (என் கடையில் சாமான் தொடுகிற ஆட்களுக்கு இப்படி ஒரு விதி வந்தால் நான் இந்நேரம் ஓர்ஸ்ஹில்லில் மாடி வீடு கட்டியிருப்பேன்.) சனிக்கிழமைக் குறும்பந்தயத்தைக் கடைசி இடத்தில் இருந்து தொடங்கிய ஹமில்டன் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தையே வென்றார், அதிலும் டிஆர்எஸ் நன்றாக உதவியது.

இன்னொன்று. திறந்தது மூடாவிட்டால்? 2018 மொன்சா, பயிற்சி ஓட்டத்தில் எரிக்சனின் சௌபர் பிரேக் பிடித்தபோது தகடு மூடவில்லை. பின்பக்கத்தில் பிடியே இல்லை. கார் தடுப்பில் மோதிப் பல தரம் உருண்டது. ஆள் தப்பியது பெரிய காரியம். எனக்கு அந்த இறக்கை மேல் கோபமெல்லாம் இல்லை, ஆனால் அசைகிற எதுவும் ஒருநாள் அசையாமல் நிற்கும் என்பது என் தொழில் தந்த புத்தி.


கிண்ணியாப்பாலம் (சனி, காலை 6.40)

சுபஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தால் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்.

என் பெயரைப் பாருங்கள். பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன்னால் கிண்ணியாவில் இருந்து திருமலைக்குப் போக 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏற வேண்டும். வரிசை. வெயில். பாதை அந்தக் கரையில் நின்றால் இந்தக் கரையில் நாம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்போது சில பேர் அந்தப் பாதையைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதுகிறார்கள், அலை, காற்று, கடலை விற்ற பையன் என்று. வருத்தக்காரரை ஏற்றிக்கொண்டு வரிசையில் நின்றவனைக் கேளுங்கள்.

கோட்டைமான் சொல்லும் இமோலா அந்தப் பாதைக்கதைதான். ஒரு நல்ல நாளை எடுத்துக் காட்டுகிறார். மற்ற ஞாயிறுகளில் பொலிஸ் ஊர்வலம் மாதிரி இருபது கார் ஒன்றன்பின் ஒன்றாகப் போனதைச் சொல்ல மாட்டார்.


கோட்டைமான் (சனி, காலை 9.15)

நானா, நல்ல உவமை. ஆனால் பாலம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நீங்களும் போகலாம், உங்களுக்கு முன்னால் போகிறவரும் போகலாம். டிஆர்எஸ் பாலம் பின்னால் வருகிறவருக்கு மட்டும்தான் திறக்கும். முன்னால் போகிறவர் பாதையில்தான் போக வேண்டும்.

எனக்கு இயந்திர உதவி மேல் கோபம் என்று நினைக்காதீர்கள். 2009இல் கேர்ஸ் வந்தது. பிரேக் பிடிக்கும்போது சேரும் சக்தியைச் சேமித்து, சுற்றுக்கு 6.67 செக்கன், 80 குதிரைவலு அளவுக்குக் கூடுதலாக எடுக்கலாம். முன்னால் போகிறவருக்கும் அதே பொத்தான், பின்னால் வருகிறவருக்கும் அதே பொத்தான். எங்கே அமுக்குவது என்பது மூளை. அமெரிக்காவில் இண்டிகார் பந்தயத்திலும் அப்படித்தான், முழுப் பந்தயத்துக்கும் இத்தனை செக்கன் என்று ஒரு கணக்கு, தாக்கவும் எடுக்கலாம், தடுக்கவும் எடுக்கலாம். அதில் ஒருவர் கூடுதலாக எடுத்தால் எவ்வளவு பெரிய குற்றம் என்று பாருங்கள்: 2024 சென்ட் பீற்றர்ஸ்பேர்க்கில் முதலாவதாக வந்த நியூகார்டனின் காரில் அந்தப் பொத்தான் வேலைசெய்யக்கூடாத நேரத்திலும் வேலைசெய்தது தெரியவந்து, வெற்றியையே பறித்தார்கள்.

என் பிரச்சினை ஒன்றே ஒன்று. தடுக்கிறவனின் கையைக் கட்டிவிட்டு அடிக்கிறவனுக்குக் கைதட்டச் சொல்லாதீர்கள்.


கிண்ணியாப்பாலம் (சனி, காலை 9.40)

1996 உலகக் கிண்ணத்தில் முதல் 15 ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம். பந்து வீசுகிறவனின் கையைக் கட்டிய விதிதான் அது. ஜயசூரியவும் களுவிதாரணவும் அதை வைத்து என்ன செய்தார்கள்? அதைச் செயற்கை என்று சொல்லி நீங்கள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களா?


கோட்டைமான் (சனி, காலை 9.44)

இரண்டாம் பாதியில் மற்ற அணிக்கும் அதே 15 ஓவர் இருந்தது, நானா. முன்னிலையில் இருக்கும் அணிக்கு மட்டும் களத்தடுப்புக் கட்டுப்பாடு என்று ஒரு விதி கொண்டுவந்தால் நீங்களே மட்டையை எறிந்துவிட்டுப் போவீர்கள்.


கிண்ணியாப்பாலம் (சனி, காலை 9.46)

முந்தப்பட்டவர் அடுத்த நேர்ப்பாதையில் பின்னால் வருகிறவர் ஆகிவிடுகிறாரே! அவருக்கும் அதே இறக்கை திறக்குமே!


உப்புவெளிப்பொடியன் (சனி, காலை 10.30)

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். 2022 பஹ்ரைன் பார்த்தீர்களா? வெர்ஸ்டாப்பன் முதலாம் வளைவில் லெக்லெர்க்கை முந்துவார். லெக்லெர்க் பதறமாட்டார். அவசரப்பட்டுத் தடுக்காமல் விட்டு, டிஆர்எஸுக்கான அந்த ஒரு செக்கனைக் கணக்கெடுக்கும் கோட்டில் தான் பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொள்வார், அடுத்த நேர்ப்பாதையில் திறந்துகொண்டு திரும்ப எடுத்துவிடுவார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. அடுத்த வாரம் ஜித்தாவில் இருவருக்கும் தந்திரம் தெரிந்துவிட்டது. கடைசி வளைவுக்கு முன்னால் "நீ முதலில் போ, நீ முதலில் போ" என்று இருவரும் பிரேக் பிடித்தார்கள், கல்யாண வீட்டு வாசலில் மரியாதை பார்க்கிற பெரியவர்கள் மாதிரி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அது மூளை இல்லையா அண்ணை? பொத்தான்தான், ஆனால் பொத்தானை வைத்துச் சதுரங்கம் ஆடுகிறார்கள்.


கோட்டைமான் (சனி, காலை 11.10)

பந்தயக்காரர் இருவர் முன்னால் போக மாட்டேன் என்று பிரேக் பிடிப்பதை நீ சதுரங்கம் என்கிறாய். எனக்கு அது தலைகீழாகப் போட்ட சட்டை. சரி, சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.


மொன்றியல்போன_திருமலையான் (சனி, பகல் 12.05)

இங்கே இப்போது நடுச்சாமம் தாண்டிவிட்டது, தூக்கம் வரவில்லை. நான் இங்கே வில்லநெவ் ஓடுபாதையில் நேரில் பார்த்தவன். கடைசி நேர்ப்பாதை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கை. ரிவியில் இறக்கை திறந்ததும் வர்ணனையாளர் கத்துவார், அதனால் பெரிய விஷயமாகத் தெரியும். நேரில் ஒன்றும் இல்லை. ஒரு கார் வரும், இன்னொன்று அதைவிட வேகமாக வரும், எங்கள் கண்முன்னே வருவதற்குள்ளேயே காரியம் முடிந்திருக்கும். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் சான்ட்விச்சைக் கூடக் கீழே வைக்கவில்லை. ஆனால் பிரேக் பிடிக்கும் இடத்தில் இரண்டு கார் ஒன்றாக வந்தபோது அவர் எழும்பி நின்றார். டிஆர்எஸ் கூடிப்போனால் முதல் வகை, அளவாக இருந்தால் இரண்டாம் வகை. பிரச்சினை உப்புப் போடுகிற கைதான்.


வெந்நீரூற்று (சனி, பிற்பகல் 3.30)

உப்பு என்றீர்களே, அதுதான் விஷயம். எந்த ஓடுபாதையில் எவ்வளவு நீளத்துக்குத் திறக்கலாம் என்பதை ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக முடிவெடுத்தார்கள். முதல் வருடமே துருக்கியில் நேர்ப்பாதை முடிவதற்குள் முந்தி முடிந்துவிடுகிறது என்று முறைப்பாடு வந்தது. மொனாக்கோவில் அதே டிஆர்எஸ் இருந்தும் யாரும் யாரையும் முந்தவில்லை, கடைசியில் 2025இல் ஆளுக்கு இரண்டு தரமாவது ரயர் மாற்ற வேண்டும் என்று சட்டம் போட்டுப் பார்த்தார்கள்.

இப்போது கோட்டைமான் அண்ணாவின் சந்தோசத்துக்கு வருகிறேன். அண்ணா, 2026 விதிகளை முழுக்க வாசித்தீர்களா? டிஆர்எஸ் ஒழியவில்லை, வீடு மாறியிருக்கிறது.

இப்போது முன்னிறக்கை, பின்னிறக்கை இரண்டும் அசையும், குறித்த நேர்ப்பாதைகளில் எல்லோரும் திறக்கலாம், முன்னால் போகிறவரும். அது நீங்கள் கேட்ட நியாயம். ஆனால் அந்த ஒரு செக்கன் விதி பற்றரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மின்மோட்டாரின் வலு 120 கிலோவாற்றில் இருந்து 350 ஆகியிருக்கிறது, காரின் மொத்த வலுவில் ஏறக்குறைய பாதி. சாதாரணமாக மணிக்கு 290 கிலோமீட்டர் தாண்டினால் அந்த மின்வலு படிப்படியாகக் குறையும், கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் கணக்கெடுக்கும் இடத்தில் நீங்கள் ஒரு செக்கனுக்குள் பின்னால் இருந்தால், 337 வரை முழு 350 கிலோவாற்றும் எடுக்கலாம், மேலதிகமாக 0.5 மெகாஜூல் சக்தியும் உண்டு. முன்னால் போகிறவருக்கு இல்லை.

அதே கணக்கு, அதே ஒரு செக்கன், அதே கட்டிய கை. இறக்கை கண்ணுக்குத் தெரிந்தது, பற்றரி கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்குக் கோபம் விதி மேலா, வாய் திறக்கிற தகடு மேலா?


உப்புவெளிப்பொடியன் (சனி, பிற்பகல் 3.33)

🔥🔥 ரீச்சர் அடிச்சது சிக்ஸர்


கிண்ணியாப்பாலம் (சனி, மாலை 4.02)

ரீச்சர், உங்களுக்கு ஒரு தேத்தண்ணீர் என் கணக்கில்.


கோட்டைமான் (சனி, இரவு 7.20)

வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். ஒரு செக்கன் விதி இன்னும் இருக்கிறது என்பது தெரியும், ஆனால் அது இவ்வளவு பழைய சரக்கு என்று நான் யோசிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு ரீச்சர். இறக்கையைத் திறக்கச் செலவில்லை. பற்றரியைச் செலவழித்தால் திரும்பச் சேர்க்க வேண்டும். முந்துவதற்குக் கொட்டியவர் அடுத்த நேர்ப்பாதையில் வெறுங்கையோடு நிற்கலாம். முன்னால் போகிறவரும் தன் பற்றரியை எங்கே சேமிப்பது, எங்கே கொட்டுவது என்று எதிர்க்கணக்குப் போடலாம். அதாவது முந்தலுக்கு ஒரு விலை இருக்கிறது. விலை இருக்கும் வரை நான் சண்டை பிடிக்க மாட்டேன். எல்லோருக்கும் பற்றரியைச் சேமிக்கிற வேலையாகப் போய், பந்தயம் மின்கட்டணப் பட்டியல் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டால், அப்போது திரும்ப வருவேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஃபோர்முலா ஈ என்ற மின்சாரக் கார்ப்பந்தயத்தில் ரசிகர்கள் வாக்குப் போட்டு ஓட்டுநருக்குக் கூடுதல் வலு கொடுத்தார்களே, அதையாவது தப்பு என்று எல்லோரும் ஒத்துக்கொள்வீர்களா?


கிண்ணியாப்பாலம் (சனி, இரவு 7.31)

அது தப்புத்தான். வாக்குப் போட்டு வேகம் கொடுப்பதாக இருந்தால் நம் நாட்டு அரசியல்வாதிகள் எல்லோரும் 400இல் ஓடுவார்கள். அவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள்.


மொன்றியல்போன_திருமலையான் (சனி, இரவு 7.50)

செயற்கை என்று பேச வெளிக்கிட்டால், 2021 அபுதாபியில் கடைசிச் சுற்றில்


நெறியாளர் (சனி, இரவு 7.51)

அந்தப் பந்தயத்தை எடுத்தால் திரியைப் பூட்டிவிடுவேன் என்று முகப்பிலேயே எழுதியிருக்கிறது. மேலே உள்ளவரின் மீதி வாக்கியத்தை நீக்கியிருக்கிறேன்.


வெந்நீரூற்று (சனி, இரவு 8.15)

ஒரு பரிசோதனை செய்வோமா? டிஆர்எஸ் காலத்துப் பந்தயம் ஒன்றின் பதிவை எடுங்கள். ரிவியில் டிஆர்எஸ் என்று காட்டும் மூலையை மறைத்துவிடுங்கள், சத்தத்தையும் நிறுத்துங்கள். ஃபோர்முலா வன் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் இருத்துங்கள். அவர் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருகிறார் என்று மட்டும் எழுதுங்கள்.


ஸ்பனர்க்காரன் (ஞாயிறு, பிற்பகல் 2.40)

செய்தேன் ரீச்சர். ஆள் என் அப்பா. திருமலை-கொழும்பு பஸ் 31 வருடம் ஓட்டியவர். ஹபரணைக் காட்டுப் பாதையில் யானைக்காகப் பிரேக் பிடித்த ஆளுக்கு இந்தப் பொடியன்கள் ஓட்டுவது பெரிதாகத் தெரிவதில்லை. பந்தயம் 2023 சிங்கப்பூர். ரிவி மூலையில் காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் இரண்டு துண்டு ஒட்டினேன்.

முதல் ஒரு மணித்தியாலம் அப்பா பேப்பர் வாசித்தார். கடைசிப் பகுதியில் இரண்டு மெர்சிடஸும் புது ரயரோடு பாய்ந்து வந்து லெக்லெர்க்கை ஒருவர் பின் ஒருவராக முந்தினார்களே, நாமெல்லாம் கத்திய இடம், அப்போது அப்பா தேத்தண்ணீர் இருக்கா என்று கேட்டார். இறக்கை திறப்பதைக் கண்டு, "பின்னால அது ஏன் வாய் திறக்குது?" என்றார். சொன்னேன். "அப்ப பின்னால வாறவனுக்கு மட்டுமா?" என்று கேட்டுவிட்டு திரும்பவும் பேப்பர்.

பிறகுதான் விஷயம். முன்னால் சைன்ஸ், அடுத்து நொரிஸ், அவர்களுக்குப் பின்னால் ரசலும் ஹமில்டனும். மெர்சிடஸ்கள் செக்கன் கணக்கில் வேகம். நொரிஸ் விழுந்தால் அடுத்தது சைன்ஸ். சைன்ஸ் என்ன செய்தார், வேகத்தைக் குறைத்தார். நொரிஸ் தனக்கு ஒரு செக்கனுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டார், அப்போதுதான் நொரிஸுக்கு டிஆர்எஸ் கிடைக்கும், அதை வைத்து ரசலைத் தடுப்பார். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. ஆனால் மனிதர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"முன்னால போறவன் ஏன் காத்து நிக்கிறான்?"

நான் வாய் திறக்கவில்லை. இரண்டு சுற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஓ. பின்னால வாறவன் இவன்ர ஆள் இல்லை. ஆனா அவனுக்குப் பின்னால வாறவன் பொல்லாதவன். இவனை நடுவில வைச்சிருக்கிறான்." கந்தளாயில் ஆள் ஏற்றும்போது தானும் அப்படித்தான் செய்ததாகச் சொன்னார். வேகமான பஸ் ஒன்று பின்னால் வந்தால், நடுவில் வரும் பழைய பஸ்ஸைத் தவறவிடாமல் கூட்டிக்கொண்டே போவாராம். அந்தப் பழைய பஸ்காரர் கடைசிவரை அதைத் தன் திறமை என்று நினைத்தாராம்.

கடைசிச் சுற்றில் ரசல் சுவரில் உரசி வெளியே போனபோது இரண்டாம் தரம் நிமிர்ந்தார். மொத்தம் இரண்டு தரம். இரண்டும் முந்தல் இல்லை.


கோட்டைமான் (ஞாயிறு, பிற்பகல் 3.05)

பார்த்தீர்களா! நான் முதல் நாளே என்ன சொன்னேன்? முந்தாததும் பந்தயம்தான்!


கிண்ணியாப்பாலம் (ஞாயிறு, பிற்பகல் 3.08)

அண்ணன், அந்த வெற்றியே டிஆர்எஸ் தந்தது. டிஆர்எஸ் இல்லாவிட்டால் நொரிஸை வைத்துத் தடுத்திருக்கவே முடியாது. உங்கள் தடுக்கிறவனின் கையைக் கட்டிய அதே கயிற்றை வைத்துத்தான் சைன்ஸ் தடுத்தார். இதை நீங்கள் எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதப் போகிறீர்கள்?


கோட்டைமான் (ஞாயிறு, பிற்பகல் 3.30)

யோசிக்கிறேன்.


வெந்நீரூற்று (ஞாயிறு, பிற்பகல் 3.34)

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 3.30க்குக் கோட்டைமான் அண்ணா யோசித்தார்.


கோட்டைமான் (ஞாயிறு, மாலை 4.10)

ஸ்பனர் தம்பி, அப்பாவிடம் கேள், என்னிடம் 2005 இமோலா பதிவு இருக்கிறது, பார்ப்பாரா என்று.


ஸ்பனர்க்காரன் (ஞாயிறு, மாலை 4.25)

கேட்டேன். கடைசிவரைக்கும் ஒருவரும் முந்தமாட்டார்கள் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அதை நான் கந்தளாய் வீதியில 31 வருசம் சும்மா பார்த்தனான்" என்கிறார்.

ஆனால் இன்றைக்குப் பந்தயம் பார்க்கிறாராம், பிளாஸ்டரையும் கழற்ற விடுகிறார் இல்லை. 6.30க்கு வாருங்கள், நானாவையும் கூட்டிக்கொண்டு. கதிரை ஒன்று குறைகிறது, வரும்போது கொண்டு வாருங்கள்.